சபையின் கீபோர்டிலிருந்து முதல் தனிப்பாடல் பதிவு வரை: நற்செய்தி இசைக்கலைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு ஆராதனையில் பல ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவரிடமும் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவரிடமும், "அண்ணன், நீங்க தனியா ஒரு ஆல்பம் போடலாமே" என்று யாராவது ஒரு நாள் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதினான்கு ஆண்டுகள் ஒரு சபையில் வாசித்த பிறகே என் முதல் தனிப்பாடல் வெளிவந்தது. அதற்கு முன் ஒரு முறை அவசரப்பட்டு எட்டுப் பாடல்களோடு ஸ்டுடியோவுக்குப் போனேன். மூன்று பாடல்கள் முடிவதற்குள் கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது, மீதி ஐந்தும் இன்றுவரை முழுமை பெறவில்லை. அந்த இழப்பில் கற்றதும், பிறகு நிதானமாகச் செய்தபோது பயன்பட்டதும் கீழே வரிசையாக வருகின்றன.

முதலில், காத்திருப்பதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

காஸ்பல் இசை, அதாவது நற்செய்தி இசை, என்று உலகம் இன்று அழைக்கும் மரபு அமெரிக்கக் கறுப்பின மக்களின் சபைகளில் வளர்ந்தது. அந்த மரபின் மிகப் பெரிய தனிக்குரலான மஹாலியா ஜாக்சனின் வாழ்க்கையைப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1911-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, பதினாறு வயதில் சிக்காகோவுக்கு வந்து, அங்கே ஒரு பாப்திஸ்து சபையின் பாடகர் குழுவில் சேர்ந்த அவர், 1937-இல் டெக்கா நிறுவனத்துக்காக முதல் இசைத்தட்டுகளைப் பாடினார். அவை விற்கவில்லை. அடுத்த வாய்ப்பு, அப்போலோ என்ற சிறிய நிறுவனத்தின் வழியாக, 1946-இல்தான் வந்தது. 1947-இல் அவர் பாடிய பாடல், ஒரே பக்கத்தில் அடங்காமல் இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் பிரித்துப் பதிவு செய்யப்பட்ட நீண்ட பாடல், அவரை நாடறிந்த பாடகியாக்கியது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அவர் ஓர் அழகு நிலையம் நடத்தினார். பாடலாசிரியர் தாமஸ் டார்ஸியோடு ஊர் ஊராகச் சென்று, டார்ஸி அச்சிட்டு விற்ற பாடல் தாள்களை மக்கள் வாங்கும்படி அந்தப் பாடல்களைப் பாடிக் காட்டினார். ஓர் ஊரில் எந்த அடியில் கூட்டம் எழுந்து நிற்கிறது, எந்த அடியில் முகங்கள் மாறுகின்றன என்பதை நேரில் பார்த்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை.

ஆகவே, சபையில் வாசிக்கும் ஆண்டுகளைத் தனிப்பயணத்துக்கு முந்தைய வீண் காலமாக எண்ண வேண்டாம். ஒரே கீர்த்தனையை ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் எப்படி மெதுவாக வாசிப்பது, ஈஸ்டர் அதிகாலையில் எப்படி எடுத்துச் செல்வது, துக்க வீட்டில் குரல் உடைகிறவர்களுக்காக எப்படி ஒரு வரி காத்திருப்பது என்பவற்றை எந்த ஸ்டுடியோவும் கற்பிக்காது. அந்த ஆண்டுகளில் முறையாகப் படிக்கவும் செய்யுங்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வுகளின் எட்டு கிரேடுகளில் முடிந்தவரை ஏறுவது ஒரு வழி. கர்நாடக இசையில் அடிப்படையாவது கற்பது இன்னொரு வழி. தஞ்சாவூரில் வாழ்ந்து, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவராகவும் கிறிஸ்தவராகவும் தமிழிசை ஆராய்ச்சியாளராகவும் ஒருசேர இருந்தவர். நம் மரபில் பக்தியும் இசைக் கல்வியும் இரண்டாகப் பிரிந்து நின்றதில்லை.

சபை திருப்பிப் பாடும் பாடலை மட்டும் தேர்ந்தெடுங்கள்

இதுவே நான் சொல்ல வந்தவற்றுள் முக்கியமானது. உங்களிடம் பத்துப் பாடல்கள் இருக்கலாம். அவற்றுள் எதைப் பதிவு செய்வது என்பதை வீட்டில் தனியாக அமர்ந்து முடிவு செய்யாதீர்கள். ஆயரின் அனுமதியோடு ஒரு புதிய பாடலை ஜெபக்கூட்டத்தில் அறிமுகப்படுத்துங்கள். வார்த்தைகளைத் திரையில் காட்டாமல், தாளில் அச்சிட்டுக் கொடுக்காமல், பல்லவியை மூன்று முறை சொல்லிக் கொடுத்துப் பாடுங்கள். நான்கு வாரங்கள் இடைவெளி விட்டு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அதே பாடலின் முன்னிசையை மட்டும் வாசித்து நிறுத்துங்கள். மக்கள் தாமாகவே பல்லவியை எடுத்தால் அந்தப் பாடல் உயிரோடு இருக்கிறது. எடுக்காவிட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றே காரணமாக இருக்கும்: பல்லவியின் முதல் அடி நீளமாக இருக்கும், மெட்டின் உச்சம் சாதாரணக் குரலுக்கு எட்டாத இடத்தில் இருக்கும், அல்லது பேசும்போது யாரும் பயன்படுத்தாத சொல் ஒன்று முக்கியமான இடத்தில் உட்கார்ந்திருக்கும். திருத்தி மறுபடியும் பாடிப் பாருங்கள்.

மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தவர். கிராமத்து மக்களின் வாயில் நிற்பதே அந்தப் பாடல்களின் அளவுகோலாக இருந்தது. நம் ஊர்ப் பாடல்களுக்கு இன்றும் அதுவே சரியான அளவுகோல்.

புத்தாண்டுக்கென்று சபை எடுத்துக்கொள்ளும் வாக்குத்தத்த வசனத்துக்கு ஒரு பாடல் செய்து டிசம்பர் கடைசியில் வெளியிடுவது இப்போது பெருவழக்காக இருக்கிறது. சபைக்கு அது நல்லதுதான். ஆனால் உங்கள் முதல் தனிப்பாடலாக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே சொல்வேன், ஏனெனில் அந்த ஆண்டு கடந்ததும் அதைப் பாடுவதற்கான காரணமும் கடந்துவிடுகிறது. முதல் பாடல் பல ஆண்டுகள் உங்களை அறிமுகப்படுத்த வேண்டியது.

உரிமையைப் பற்றி ஸ்டுடியோவுக்கு முன்பே தெளிவு பெறுங்கள்

சபை இசைக்கலைஞர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. நாம் வாரந்தோறும் யார் யாருடைய பாடல்களையோ பாடுகிறோம். யாரும் கேள்வி கேட்பதில்லை. அதற்குக் காரணம், 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கின் பகுதியாகப் பாடுவதையும் இசைப்பதையும் உரிமை மீறலாகக் கருதுவதில்லை என்பதே. அந்த விலக்கு ஆராதனையோடு முடிந்துவிடுகிறது. அதே பாடலைப் பதிவு செய்து இணையத்தில் வெளியிடும்போது அது உங்களைக் காப்பாற்றாது. 'ஆண்டவருக்காகச் செய்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள்' என்று எண்ணி வெளியிட்ட பாடல்கள், உரிமையாளர் கொடுத்த புகாரால் நீக்கப்பட்டதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பழைய பாடல்களில் சுதந்திரம் உண்டு. இந்தியாவில் பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை, ஆசிரியரின் வாழ்நாளும் அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. எனவே 1864-இல் மறைந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும், 1900-இல் மறைந்த கிருஷ்ண பிள்ளையின் பாடல்களையும் யாரும் பதிவு செய்யலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. பழைய வரிகளுக்குப் பிற்காலத்தில் ஒருவர் புதிய மெட்டு அமைத்திருந்தால், அந்த மெட்டுக்குத் தனி உரிமை உண்டு. நீங்கள் சிறு வயதிலிருந்து கேட்ட மெட்டே பழையது என்று நினைத்துவிடக் கூடாது. ஆங்கிலப் பாமாலையின் மூலம் பொதுவுடைமையாகியிருந்தாலும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் அண்மைக் காலத்தவராக இருந்தால் மொழிபெயர்ப்புக்கு உரிமை இருக்கும். வேதவசனத்தை அப்படியே பல்லவியாக வைப்பவர்கள், எந்த மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். புதிய மொழிபெயர்ப்புகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் உரிமையிலுள்ள ஒருவரின் பாடலைப் பாட விரும்பினால், 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 31-சி பிரிவைச் சிலர் காட்டுவார்கள். முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து, அதன் பின் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் கழிந்த பிறகு, முன்னறிவிப்புக் கொடுத்து, உரிமைத்தொகையை முன்கூட்டியே செலுத்தி மறுபதிவு செய்யலாம் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான தொகையைச் செலுத்த வேண்டும் என்றும், பாடலில் மாற்றம் செய்யக் கூடாது என்றும் நிபந்தனைகள் உள்ளன. சிறிய கலைஞருக்கு இது நடைமுறையில் உதவாது. பாடலாசிரியரையோ அவருடைய குடும்பத்தாரையோ நேரில் சந்தித்து எழுத்தில் அனுமதி பெறுவதே சிறந்த வழி. நம் ஊழியர்கள் பலர் மனமுவந்து தருவார்கள். கேட்காமல் எடுத்தால்தான் வருத்தப்படுவார்கள்.

உங்கள் சொந்தப் பாடலாக இருந்தாலும் ஒரு தாளில் பங்கீடு எழுதுங்கள். வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்று எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். சபையில் உடன்பிறந்தவர்களைப் போலப் பழகுகிறோம், தாள் எதற்கு என்று தோன்றும். அந்த அன்பு கெடாமல் இருப்பதற்காகவே அந்தத் தாள். யாராவது உங்களிடம் உரிமையை எழுதி வாங்க வந்தால் கால வரம்பையும் நாட்டு வரம்பையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கொள்கிறது. 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று எழுதியிருந்தால், கையொப்பமிடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. படைத்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. பின்னாளில் சாட்சியாக வேண்டுமானால் பதிப்புரிமை அலுவலகத்தில் இசைப் படைப்புக்கு 500 ரூபாயும், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாயும் கட்டிப் பதியலாம்.

வீட்டிலேயே முழு மாதிரியைச் செய்துவிடுங்கள்

ஸ்டுடியோவில் மணிக்கணக்குக்கும், வாத்தியக்காரர்களுக்குக் கால்ஷீட்டுக்கும் பணம் கொடுக்கிறீர்கள். அங்கே போய் யோசிப்பது மிக விலையுயர்ந்த யோசனை. என் எட்டுப் பாடல்கள் கெட்டது அப்படித்தான்: இரண்டாவது சரணத்துக்கு முன் இடையிசை என்ன என்பதை அங்கே உட்கார்ந்துதான் தேடிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் ஒரு மடிக்கணினி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்ஸர் மைக், ஒரு ஹெட்ஃபோன் இருந்தால் போதும். முதலில் டெம்போவை முடிவு செய்யுங்கள். சபையில் கூட்டத்தோடு பாடும் வேகம் பதிவில் இழுவையாகக் கேட்கும்; நான்கைந்து வேகங்களில் பாடிப் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து ஸ்கேல், அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்பது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காகச் சபையில் நடுவான ஒரு ஸ்கேலில் வாசித்துப் பழகியிருப்போம். தனிப்பதிவில் உங்கள் குரல் எங்கே நன்றாக ஒலிக்கிறதோ அதுவே ஸ்கேல். சரணத்தின் உச்ச ஸ்வரத்தைப் பத்து முறை தொடர்ந்து சிரமமின்றிப் பிடிக்க முடிகிறதா என்று சோதியுங்கள், ஏனெனில் ஸ்டுடியோவில் அத்தனை டேக்குகள் தேவைப்படலாம்.

பிறகு, வேகம் மாறாமல் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக் டிராக்கோடு கீபோர்டையும் குரலையும் வைத்து, முன்னிசை முதல் முடிவு வரை மற்றவர்கள் கேட்டுத் தயாராவதற்கான ஒரு ஸ்கிராட்ச் (தற்காலிக மாதிரி) பதிவு செய்யுங்கள். கிளிக்கோடு பாடுவது சபைக் கலைஞர்களுக்குக் கடினம். நாம் ஆயரின் கையசைவையும் மக்களின் மூச்சையும் பார்த்து வாசித்துப் பழகியவர்கள். குறைந்தது ஒரு மாதமாவது தினமும் கிளிக்கோடு பயிற்சி செய்யுங்கள். இந்த ஸ்கிராட்சைக் கேட்டு ரிதம் வாசிப்பவரும், கிதார் அல்லது புல்லாங்குழல் வாசிப்பவரும் முன்கூட்டியே தயாராகி வருவார்கள். மூன்று பேரிடம் மட்டும் கேட்கக் கொடுங்கள்: இசை தெரிந்த ஒருவர், வசனம் தெரிந்த ஒருவர், இரண்டும் அதிகம் தெரியாத ஒருவர். மூன்றாமவர் இரண்டாம் சரணத்தில் கவனம் சிதறினால் அந்தச் சரணத்தைச் சுருக்குங்கள்.

பதிவு நாள்

முதல் முறை ஒரே ஒரு பாடலோடு போங்கள். ஆல்பம் என்ற எண்ணத்தைத் தள்ளி வையுங்கள். ஒரு பாடலை முழுமையாக முடித்து வெளியிட்டால், அடுத்த பாடலுக்கு எவ்வளவு நாள், எவ்வளவு பணம் என்பது கற்பனையாக இல்லாமல் கணக்காகத் தெரியும்.

ரிதமும் அடிப்படை வாத்தியங்களும் ஒரு நாள், குரல் வேறொரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வாத்தியப் பதிவை நாள் முழுவதும் மேற்பார்த்துக் களைத்த பின் மாலையில் குரல் கொடுத்தால் அந்தக் களைப்பு பதிவில் தங்கிவிடும். கோப்புகளை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். முதலில் பாடல் முழுவதையும் நிறுத்தாமல் மூன்று முறை பாடிவிட்டு, அதன் பிறகே பிழையான வரிகளை மட்டும் தனியாகத் திருத்துங்கள். வரி வரியாகவே பாடி ஒட்டினால் சுருதி சரியாக இருக்கும், ஆனால் ஒருவர் ஜெபிக்கிறார் என்ற உணர்வு வராது. நற்செய்திப் பாடலில் அதை இழந்துவிட்டு மற்ற எதைப் பெற்றாலும் போதாது. கிளம்பும்போது, தனித்தனி டிராக்குகள் உட்பட எல்லாக் கோப்புகளையும் உங்கள் ஹார்டு டிஸ்கில் வாங்கிக்கொள்ளுங்கள். இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு: சபையிலேயே நேரடியாகப் பதிவு செய்வது. அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் 1972 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு பாப்திஸ்து சபையில், நற்செய்தி இசைக்கலைஞர் ஜேம்ஸ் கிளீவ்லேண்டின் துணையோடும் பாடகர் குழுவோடும் மக்கள் முன்னிலையில் இரண்டு இரவுகள் பாடிப் பதிவு செய்தார். 1960-களின் இறுதியில் எட்வின் ஹாக்கின்ஸும் அவருடைய இளைஞர் பாடகர் குழுவும் பெர்க்லியில் ஒரு தேவாலயத்தில், எளிய கருவியைக் கொண்டு, தங்கள் குழுவின் நிதிக்காகச் சில நூறு இசைத்தட்டுகள் விற்கும் எண்ணத்தோடு ஒரு பதிவைச் செய்தார்கள். அதிலிருந்த ஒரு பாடலை 1969-இல் உலகமே கேட்டது. இந்த வழியில் போக விரும்பினால், அரீத்தாவைப் போல இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள். முதல் மாலையில் பிசகிய இடத்துக்கு இரண்டாம் மாலை கைகொடுக்கும். ஒவ்வொரு மைக்கும் தனி டிராக்கில் விழ வேண்டும். மின்விசிறிகளை நிறுத்த முடியுமா என்று முன்பே பாருங்கள். பாடகர் குழுவினர் ஒவ்வொருவரிடமும், சிறுவர்களாக இருந்தால் பெற்றோரிடமும், எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

டிராக்குகளைச் சமன் செய்து இணைக்கும் மிக்ஸிங், வெளியீட்டுக்கான இறுதி ஒலியை அமைக்கும் மாஸ்டரிங் இரண்டையும் பதிவு செய்தவரே செய்யலாம், ஆனால் இடையில் ஒரு வாரமாவது காது ஓய்வெடுக்கட்டும். மாஸ்டர் எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஸ்பாட்டிஃபை பொதுவாக மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பாடல்களைச் சமன் செய்வதால், அதற்கு மேல் நசுக்கிச் சத்தமாக்குவதில் பயனில்லை. பேருந்தில் மொபைல் ஸ்பீக்கரில் கேட்டாலும் வரிகள் புரிகின்றனவா என்பதே என் கடைசிச் சோதனை.

வெளியீடு

உங்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒரே முறையில் எழுத முடிவு செய்து, பின்னர் மாற்றாதீர்கள். நம் சபைகளில் ஒரே பெயருடைய பலர் இருப்பதால், ஊரின் அல்லது தந்தையின் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகச் சேவைகளின் வழியாக எல்லாத் தளங்களுக்கும் பாடலை அனுப்பலாம். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாள எண் உண்டு. விநியோகச் சேவையே அதைத் தரும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், சேவையை மாற்றினாலும் அதே எண் தொடர வேண்டும். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்ஸல் சதுரமாக இருக்கட்டும்.

வெளியீட்டுத் தேதிக்கு நான்கு வாரங்களுக்கு முன்பே கோப்புகளை ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பட்டியல் ஆசிரியர்களுக்குப் பாடலைப் பரிந்துரைக்க, குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். முதல் முறை பாடுவதை உங்கள் சொந்தச் சபையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சேகரத்தின் (ஒரே ஆயரின் கீழுள்ள சபைகளின்) மற்ற சபைகள், கன்வென்ஷன் மேடைகள், சபையார் கூடி விருந்துண்ணும் அசன விழாக்கள் என்று போகலாம். அழைக்கும் இடங்களுக்குப் பாடலின் கார்டு (chord) குறிப்புகளையும், குரலில்லாத இசைத் தடத்தையும் இலவசமாகக் கொடுங்கள். மற்றச் சபைகளின் பாடகர் குழுக்கள் உங்கள் பாடலைப் பாடத் தொடங்குவதைவிடச் சிறந்த விளம்பரம் கிடையாது.

பணமும் கணக்கும்

இணைய வருமானத்தை நம்பி வேலையை விடாதீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குத் தொகை கணக்கிடப்படுகிறது. யூடியூபில் விளம்பரப் பங்கு பெற, 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் அல்லது 90 நாட்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகளும் வேண்டும். பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேருங்கள். 1969-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, பொது இடங்களிலும் ஒலிபரப்பிலும் பயன்படும் பாடல்களுக்கான உரிமைத்தொகையைத் திரட்டித் தருகிறது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் செலவையும் வலப்பக்கம் வரவையும் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். கன்வென்ஷனில் கிடைத்த காணிக்கை, விநியோகச் சேவை அனுப்பிய சிறு தொகை, ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த ஸ்டுடியோ நேரம் ஆகிய எல்லாம் அதில் வர வேண்டும். விநியோகச் சேவையின் முதல் கணக்கு வெளியீட்டுக்குப் பின் இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே வரும். அது நூறு ரூபாயாக இருந்தாலும், பங்கீட்டுத் தாளில் எழுதியபடி பாடலாசிரியரின் பங்கைக் கணக்கின் நகலோடு அவருக்கு அனுப்பிவிடுங்கள். அதே வாரத்தின் ஜெபக்கூட்டத்தில் இரண்டாவது பாடலின் பல்லவியைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்குங்கள்.